எல்லாரும் சேர்ந்து எழுதும் ஆன்லைன் நன்றி அட்டை: பெற்றோர் குழுவுக்காகப் பயன்படுத்திப் பார்த்ததில்

ஐந்துக்கு மூன்றரை. தமிழ் எழுத்தை அச்சில் உடைக்காமல் இருந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைக் கண்டால் அன்றைக்குத் தூக்கம் வராது.

சேவை என்னவென்றால், ஓர் அட்டை உருவாக்கினால் ஒரு இணைப்பு கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் போட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், படம் ஏற்றலாம், குரல் பதிவும் செய்யலாம். குறித்த நாளில் உரியவருக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும், பிடிஎஃப் ஆகவும் இறக்கிக்கொள்ளலாம். பெயரைச் சொல்லவில்லை. குறை சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த வகைச் சேவைகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை என்பது இன்னொன்று.

எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் குழுவின் பொறுப்பாளர்கள் மாறும் சமயம் அது. தலைவர், செயலாளர், பொருளாளர், வகுப்புக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், அப்புறம் எந்தப் பதவியும் இல்லாமல் எல்லா வேலையும் செய்கிற நாலைந்து பேர். இவர்களுக்கு நன்றி சொல்லும் ஏற்பாட்டை என்னிடம் கொடுத்தார்கள். எழுத்து வேலை என்றாலே என் பக்கம் தள்ளிவிடுவது அங்கே வழக்கம்.

கேடயம் கொடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. எனக்குக் கேடயத்தின் மேல் பெரிய வெறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வாசகத்தை எல்லாருக்கும் பொறித்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற பொருள் அது. வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். பெயர் அச்சிட்ட கோப்பை, பேனா, சாவிக்கொத்து எல்லாம் இதே கதைதான். பரிசுக் கூப்பன் என்றார் ஒருவர். குழுவின் பணத்தில் குழுவின் பொறுப்பாளருக்கே பரிசு வாங்குவதென்றால் உறுப்பினர் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். அதை எழுதப்போகிறவரும் அதே பொருளாளர்தான்! தன் பரிசுக்குத் தானே வவுச்சர் போடுகிற நிலைமையை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அட்டைக்கான கட்டணத்தையும் குழுப் பணத்தில் எடுக்கவில்லை, விருப்பமுள்ள பெற்றோர்கள் பகிர்ந்துகொண்டோம். இலவசத் திட்டம் இருக்கிறது. அதில் ஓர் அட்டையில் சிலர்தான் எழுத முடியும், பள்ளிக்கூடத்துக்கு அது போதாது.

இன்னொரு அப்பா, வருகிற ஆண்டிலிருந்து "சிறந்த தன்னார்வலர் விருது" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் நிறையப் பேர் முன்வருவார்கள் என்றார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் உளவியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தபோது படித்தது நினைவில் இருந்தது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு அது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளின் ஆர்வம் குறையவே இல்லை. பெரியவர்கள் பிள்ளைகள் இல்லைதான். இருந்தாலும் எதிர்பாராமல் வருகிற நன்றிதான் எங்களுக்கு ஏற்றது என்று முடிவானது. அட்டைச் சேவையைத் தேடிப்போனதற்கு அதுதான் காரணம். ரகசியமாக எல்லாரையும் எழுதவைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அட்டை உருவாக்குவது எளிது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார்ப்புருக்களின், அதாவது தயாராக இருக்கும் அட்டை மாதிரிகளின், வரிசையைப் பார்த்தால் நாள்காட்டி பார்ப்பது மாதிரி இருக்கிறது. டிசம்பர் 5க்கு ஒன்று: 1985இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். ஏப்ரலுக்கு ஒன்று: அமெரிக்காவில் 1974 முதல் கொண்டாடுகிற தன்னார்வலர் வாரம். பிப்ரவரி 17க்கும் ஒன்று இருந்தது. அது எதற்கென்று முதலில் புரியவில்லை. 1897இல் அதே நாளில்தான் ஆலிஸ் மெக்லெலன் பர்னியும் ஃபீபி ஆப்பர்சன் ஹெர்ஸ்டும் வாஷிங்டனில் தாய்மார்களின் தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். இன்றைக்கு அமெரிக்காவின் தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக இருப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். எங்களுக்கு இந்த நாள் எதுவும் தேவைப்படவில்லை, எந்தப் படமும் இல்லாத வெள்ளை வார்ப்புருவை எடுத்துக்கொண்டேன். பூங்கொத்துப் படத்தின்மேல் எழுதினால் எழுத்து தெரிவதில்லை.

முதல் சிக்கல், எத்தனை அட்டை என்பது. குழு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டால் செலவு குறைவு, வேலையும் குறைவு. ஆனால் பொது அட்டை என்றால் எல்லா வாழ்த்தும் தலைவருக்கே போகும். அவர்தான் கூட்டத்தில் பேசுகிறவர், மேடையில் நிற்கிறவர். பொருளாளரை யார் பார்த்தார்கள்? விழா முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சில்லறையை எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கவரை ஒட்டுகிறவர் அவர். பள்ளி அனுப்பும் சுற்றறிக்கை புரியாத பெற்றோருக்கு இரவோடு இரவாக அதை அவர்கள் மொழியில் எழுதி அனுப்புகிறவர் ஒருவர். தொலைந்துபோன தண்ணீர் பாட்டில்களையும் ஒற்றைக் காலுறைகளையும் சேர்த்து வைத்துச் சொந்தக்காரரைத் தேடுகிறவர் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு லீவா?" என்று வரிசையாகக் கேட்பவர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் போடுகிறவர் ஒருவர். எல்லா விழாவிலும் படமெடுத்து, எந்தப் படத்திலும் இல்லாதவர் ஒருவர். ஆளுக்கு ஓர் அட்டை என்று முடிவு செய்தேன். இந்தச் சேவையில் மொத்தமாக வாங்கினால் கட்டணத்தில் சலுகை உண்டு, அது உதவியது.

ஆளுக்கு ஓர் அட்டை என்றதும் இன்னொரு வில்லங்கம் வந்து நின்றது. ஒவ்வொரு அட்டையின் தலைப்பிலும் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண் காட்டுகிறது. இணைப்பைத் திறக்கிற எல்லாருக்கும் அது தெரியும். தலைவரின் அட்டை நிரம்பி வழிய, பொருளாளரின் அட்டையில் இரண்டே வரி. நாளைக்கு அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தால் எப்படி இருக்கும்? எண்ணை மறைக்க ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அமைப்புகளில் மூன்று அடுக்கு உள்ளே போய்த் தேட வேண்டும். இயல்பாகவே மறைத்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. இதை வடிவமைத்தவர் அலுவலகத்தில் ஒரே ஆளுக்குப் பிரிவுபசார அட்டை போடுவதை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எண்ணை மறைத்தால் மட்டும் போதுமா? வாழ்த்தும் சேர வேண்டுமே. பொருளாளருக்கு யார் எழுத முடியும் என்று யோசித்து, அவரிடம் ரசீது கொடுத்துப் பணம் வாங்கிய ஆசிரியர்களிடம் போனேன். நூலக மேற்பார்வையாளர், விளையாட்டு ஆசிரியர், கணக்கைத் தணிக்கை செய்த பெற்றோர், பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணியவர். அவர்கள் எழுதியதைப் படித்தால் அதுதான் உண்மையான சான்றிதழ். "ரசீது இல்லாமல் ஒரு பைசா தரமாட்டார், ரசீது கொடுத்தால் மறுநாள் காலையில் பணம் வந்துவிடும்" என்று எழுதியிருந்தார் விளையாட்டு ஆசிரியர். இந்த ஒரு வரியை எந்தக் கேடயத்தில் பொறிக்க முடியும், சொல்லுங்கள்.

இந்தச் சேவையில் எனக்குப் பிடிக்காத அம்சத்துக்கு இப்போது வருகிறேன். எழுதும் பெட்டிக்குக் கீழே தயார் வாழ்த்துகள் சில பொத்தான்களாக இருக்கின்றன. அழுத்தினால் வாசகம் தானாக வந்து உட்காரும். பக்கத்திலேயே, செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும் பொத்தான் இன்னொன்று. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேருந்தில் நின்றுகொண்டு கைபேசியில் எழுதுகிறவருக்கு அது வசதி. ஆனால் முதல் இரண்டு நாளில் வந்தவற்றைப் பார்த்தால், "உங்கள் அயராத அர்ப்பணிப்பும் தன்னலமற்ற சேவையும் எங்கள் பள்ளிச் சமூகத்தை ஒளிரச் செய்தன" என்ற வாசகம் ஒரே அட்டையில் மூன்று பேர் பெயரில் இருந்தது. காற்புள்ளிகூட மாறவில்லை. நன்றி என்ற பெயரில் இதைக் கொடுப்பதற்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்கலாம். இரண்டு பொத்தானையும் நிறுத்தும் வசதி கட்டணத் திட்டத்தில் இருக்கிறது. முதல் வேலையாக அதை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திய பிறகு பெட்டியின் மேலே இருக்கும் "ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள்" என்ற வாசகத்தையும் மாற்ற முடிகிறது. இது நல்ல வசதி, இதற்காகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். நான் இப்படி மாற்றினேன்: "இவர் செய்த எந்த வேலை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ உதவியது? அதை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள்." அதன் பிறகு வந்தவை வேறு ரகம். "புதிதாகச் சேர்ந்த என் மகள் முதல் நாள் வாசலில் அழுதுகொண்டு நின்றபோது கையைப் பிடித்து வகுப்புவரை கூட்டிப்போனீர்கள், எனக்குப் படம் எடுத்து அனுப்பினீர்கள்." "மழையில் நாற்காலிகளை உள்ளே தூக்கிப்போட யாரும் இல்லாதபோது நீங்களும் உங்கள் மாமியாரும் வந்தீர்கள்." "கூட்டத்தில் நான் கேட்ட கேள்வியைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது நீங்கள் சிரிக்கவில்லை." கடைசி வரியை எழுதியவர் பெயர் போடவில்லை. பெயர் இல்லாமலும் எழுத விடுகிறது இந்தச் சேவை. மட்டுறுத்தல், அதாவது எழுதியதை முதலில் பார்த்து அனுமதிக்கும் வசதி, இருப்பதால் தவறாக எதுவும் வெளியே போகாது.

"இதெல்லாம் எழுதினா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா அக்கா?" என்று சில இளம் அம்மாக்கள் கேட்டார்கள். எழுதுகிறவருக்குத்தான் அந்தச் சங்கடம் அதிகம். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை மிகையாக மதிப்பிட்டார்கள். எவ்வளவு மகிழ்ச்சியாகவும் வியப்பாகவும் இருக்கும் என்பதையோ குறைத்து மதிப்பிட்டார்கள். நான் அந்த அம்மாக்களுக்கு ஆய்வையெல்லாம் சொல்லவில்லை. "உனக்கு யாராவது இப்படி எழுதினா நீ அழிச்சிடுவியாம்மா?" என்று கேட்டேன், எழுதிவிட்டார்கள்.

குரல் பதிவு வசதி எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. தட்டச்சு தெரியாத தாத்தா பாட்டிகள் பலர் பேசி அனுப்பினார்கள். பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருகிறவர்கள் அவர்கள்தானே, குழுவினரை எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே சிக்கல், பிடிஎஃப் எடுத்தால் குரல் போய்விடும், வெறும் ஒலிபெருக்கிப் படம்தான் அச்சாகும். இணைப்பு எத்தனை காலம் இருக்கும் என்பதையும் திட்டத்தைப் பொறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் கோப்புகளைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். பெற்றோர்கள் விழாப் படங்களை ஏற்றுவார்கள், அதில் மற்றவர் பிள்ளைகளும் இருப்பார்கள். பிள்ளைகளின் படத்தை வெளியிடக் கூடாது என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இருக்கலாம். கடவுச்சொல் போடும் வசதி உண்டு, போட்டுவிட்டேன். படங்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் வரைந்ததைப் படமெடுத்து ஏற்றச் சொன்னேன். அட்டையும் அழகானது.

இனி தமிழ். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பிடிஎஃப் இறக்கியதும் எனக்கு நெஞ்சடைத்தது. "கொடுத்தீர்கள்" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. "செய்தீர்கள்" என்பதிலும் அப்படியே. காரணம் எளிதானதுதான். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி பிறகு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை எழுத்துக்கு இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. உலாவிகள் அதை ஒழுங்காகச் செய்கின்றன. இந்தச் சேவையின் வழங்கியில் (சர்வரில்) பிடிஎஃப் உருவாக்குகிற மென்பொருள் செய்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர்களின் நன்றி பளிச்சென்று இருக்க, தமிழில் எழுதியவர்களின் நன்றி நொறுங்கிக் கிடந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, அதைப் பாராட்ட வேண்டும். பதிலில் இருந்தது மட்டும் பாராட்டும்படி இல்லை: சில மொழிகளுக்கு இன்னும் முழு ஆதரவு இல்லையாம், எதிர்காலத்தில் வருமாம். மாற்று வழியை நானே கண்டுபிடித்தேன். அட்டையை உலாவியில் திறந்து, உலாவியின் அச்சுக் கட்டளையிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்து உடையவில்லை. பக்க அமைப்பு கொஞ்சம் கலைந்தது, சில வாழ்த்துகள் இரண்டு பக்கத்தில் பிரிந்து விழுந்தன. ஓரங்களைக் குறைத்துச் சரிசெய்தேன். இதைச் செய்யத் தெரியாதவர் என்ன செய்வார்?

மின்னஞ்சல் விநியோகத்தையும் நம்ப வேண்டாம். சோதனைக்கு எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன், குப்பை அஞ்சலில் போய் விழுந்தது. நள்ளிரவில் தானாக அனுப்பும் ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டு, அச்சிட்டுக் கையில் கொடுப்பதென்று ஆனது. அப்படிக் கொடுக்கும்போது தலைமை ஆசிரியர் வந்து ஒவ்வொருவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அட்டையில் எழுதச் சொல்லவில்லை. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் நான் மெய்ப்புப் பார்த்த அந்த உளவியல் புத்தகத்தில் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நிதி திரட்டுகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் இயக்குநர் நேரில் வந்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின. எங்கள் தலைமை ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொருவரின் வேலையையும் சரியாகச் சொன்னார்.

ஆண்டின் நடுவில் முடியாமல் விலகிப்போன ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கும் அட்டை போட்டோம். பாதியில் போனவருக்கு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பாதி வேலை செய்தாரே.

இந்தச் சேவையில் விளம்பரப்படுத்தாத ஒரு பயன் இருக்கிறது. அட்டையில் இரண்டாவது கேள்வியும் சேர்க்கலாம். "இவர் செய்த வேலையில் எதை அடுத்த ஆண்டு நீங்கள் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள முடியும்? கட்டாயம் இல்லை" என்று போட்டேன். பெரும்பாலோர் காலியாக விட்டார்கள். சிலர் எழுதினார்கள். பொருளாளரின் அட்டையில் ஒருவர், "மாதக் கணக்கை எக்செல்லில் ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். அன்று மாலை பொருளாளரிடமிருந்து எனக்கு அழைப்பு. கண்ணீர் மல்க நன்றி சொல்வார் என்று பார்த்தால், "ஏங்க, ரெண்டாவது பக்கத்துல எக்செல் செய்றேன்னு எழுதினவங்க நம்பர் இருக்கா? இப்பவே பேசிடறேன், மனசு மாறிடப்போறாங்க" என்றார்.

யாருக்குப் பொருந்தும்? பெற்றோர்கள் ஒரே நேரத்தில் கூட முடியாத, பலரும் வேலைக்குப் போகிற பெரிய குழு என்றால் தாராளமாக வாங்கலாம். சின்னக் குழு, பத்துப் பதினைந்து குடும்பம்தான் என்றால் வேண்டாம். வெற்று அட்டையும் நல்ல பேனாவும் வாங்கி வகுப்புக்கு வகுப்பு சுற்றில் விட்டால் போதும், கையெழுத்தும் கிடைக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இலவசத் திட்டத்தில் "கொடுத்தோம், பௌர்ணமி, கேட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதி, பிடிஎஃப் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.